சம்பளமில்லாத ஆளுக்கு ஆன செலவு

தெற்கே பஸ்ஸில் போன எவருக்கும் விக்கிரவாண்டி தெரியும். ஆனால் அரைத் தூக்கத்தில் தெரியும். சென்னையிலிருந்து கிளம்பிய ராத்திரி வண்டி ஏதோ ஒரு மோட்டல் வாசலில் நிற்கும். "டீ, காபி சாப்பிடறவங்க இறங்கலாம், வண்டி பத்து நிமிஷம் நிக்கும்" என்று ஒரு பையன் தகரத்தைத் தட்டிக்கொண்டே போவான். ஆறிப்போன தோசைக்கு நட்சத்திர ஓட்டல் விலையைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடியும் தூக்கம். சொந்தக் காரில் போகிறவர்களுக்கு அது ஒரு சுங்கச்சாவடி. 2024 அக்டோபர் 27 அன்று வி.சாலையில் தமிழக வெற்றிக் கழகம் தன் முதல் மாநாட்டை நடத்திய பிறகு ஊருக்குப் புதிதாக ஒரு புகழும் சேர்ந்திருக்கிறது. நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனால் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் கரும்பும் சவுக்குத் தோப்பும் பனைமர வரிசையுமாக வேறொரு விக்கிரவாண்டி இருக்கிறது. அது எனக்கும் ஐம்பது வயதுக்குக் கிட்டத்தில்தான் தெரிந்தது.

அங்கே ஒரு சின்னத் தோட்டத்தில் தங்கி, தங்கியதற்கு வாடகையாக உடம்பால் உழைத்துவிட்டு வந்தேன் என்று அலுவலகத்தில் சொல்லிக்கொண்டு திரிகிறேன். இந்த வாக்கியத்தில் 'தங்கி' என்பது வரைக்கும் உண்மை.

தோட்டம் அண்ணனுடையது. கூடப் பிறந்தவர் அல்ல. திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் அவர் பைண்டிங் பிரிவிலும் நான் பிழைதிருத்தும் மேஜையிலும் பல வருஷம் ஒன்றாக இருந்தோம். அப்பா போனபின் அவர் வேலையை விட்டுவிட்டு நாலு ஏக்கர் நிலத்துக்கும் ஒரு கிணற்றுக்கும் திரும்பிப் போய்விட்டார். வீட்டுச் சுவரில் இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் படம் மாட்டினார். போனில் பேசும்போதெல்லாம், "நீ சும்மா வந்து தங்குய்யா" என்பார். சும்மா தங்குவதற்கு எனக்குத்தான் மானம் இடம் கொடுக்கவில்லை. "காலையில ஆறுலேருந்து பதினொண்ணு வரைக்கும் தோட்டத்துல வேலை செய்யறேன், எனக்கு ரூமும் சாப்பாடும் போதும்" என்று நிபந்தனை போட்டேன். நிபந்தனை போட்டது நான் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் பாவம், சரி என்றார்.

இந்த யோசனை எனக்கு வந்ததற்கு விக்கிரவாண்டி இருக்கும் அதே விழுப்புரம் மாவட்டமே காரணம். வானூர்ப் பக்கம் ஆரோவில்லில் ஏதாவது ஒரு பண்ணையில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் மண்சட்டி தூக்கிக்கொண்டு நிற்பதை யாரும் பார்த்திருக்கலாம். இஸ்ரேலிலிருந்து வந்த அவிராம், யோரித் ரோசின் தம்பதி 2003 டிசம்பரில் அங்கே தொடங்கிய சாதனா ஃபாரஸ்ட், மண் அரித்துப்போன 70 ஏக்கர் செம்மண் காட்டை மீட்கும் வேலை. உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ வந்து கீற்றுக் குடிசையில் தங்கி, விடியற்காலையில் எழுந்து வரப்பு போட்டு, குழி வெட்டி, கன்று நட்டு, சமைத்து, பாத்திரம் கழுவிவிட்டுப் போகிறார்கள். ஒரு முறை போய்ப் பார்த்தேன். இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி கடப்பாரையை வீசிய வீச்சைப் பார்த்து, இவளே செய்யும்போது நமக்கென்ன என்று நினைத்தேன். அவள் இருபத்தைந்து வயது என்பதை அப்போது நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த வழக்கத்துக்கு இங்கிலாந்தில் ஒரு தொடக்கக் கதை உண்டு. 1971-இல் லண்டனில் செக்ரட்டரி வேலை பார்த்த சூ கோப்பார்ட் என்ற பெண், நகரத்து ஆட்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு சசெக்ஸில் ஒரு கல்லூரிப் பண்ணைக்கு வேலை செய்யப் போனார். 'வூஃப்' என்று இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் இயக்கம் அதிலிருந்து வந்தது. அந்த அம்மாள் போனது வெறும் சனி ஞாயிறு. விவரமானவர். நான் பொங்கல் முடிந்த கையோடு, மாசி வரைக்கும் துணிமணி எடுத்துக்கொண்டு போய் இறங்கினேன்.

போன நேரம் நல்ல நேரமில்லை. 2024 நவம்பர் 30 ராத்திரி கரையேறிய ஃபெஞ்சல் புயல் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் போட்டிருந்தது. பக்கத்து மயிலத்தில் மட்டும் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியிருக்கிறது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தின் அடியில் அபாய அளவைத் தாண்டி வெள்ளம் போக, டிசம்பர் 2 அன்று தென்மாவட்ட ரயில்கள் ஆங்காங்கே நின்றன. அண்ணனுடைய நிலத்தில் ஒன்றரை ஏக்கர் சம்பா மொத்தமாகச் சாய்ந்து முளைத்துவிட்டது. மீதியில் தண்ணீர் வடிந்து, மார்கழியில்தான் மல்லாட்டை போட முடிந்தது. இப்படி ஒரு வருஷத்தில் ஒரு வீட்டுக்கு வேண்டியது வேலை தெரிந்த ஆள். போய்ச் சேர்ந்தது நான்.

முதல் நாள் திண்ணையில் அண்ணனுடைய அம்மா உட்கார்ந்திருந்தார். ஊரே அவரை ஆயா என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"கூலி எவ்ளோ பேசினு வந்துருக்க?"

"கூலி எல்லாம் இல்ல ஆயா. தங்க எடமும் சோறும்தான்."

ஆயா வெற்றிலையை மடிப்பதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சோத்துக்கு வேல செய்யறவன் படியாளு. உங்கப்பன் எம்புள்ளகிட்ட கடன் எதுனா வாங்கிட்டுச் செத்துட்டாரா?"

சிரித்தேன். ஆயா சிரிக்கவில்லை. அந்தக் கால தென்னாற்காட்டில் படியாள் என்றால் என்ன என்பது எனக்குப் புத்தகத்தில் தெரியும், ஆயாவுக்குக் கண்ணால் தெரியும். கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ ஆண்டையிடம் வாங்கிய சொற்பக் கடனுக்காக ஒரு குடும்பம் பரம்பரையாக உழைக்கும். கூலி என்பது படியால் அளந்து போடும் தானியம். அப்பன் செத்தால் மகன். 1976-இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்த அன்றைக்கே எல்லாம் ஒழிந்துவிடவுமில்லை. அப்படிப்பட்ட மண்ணில், கையில் பேங்க் கார்டும் திரும்பிப் போக பஸ் வசதியும் வைத்துக்கொண்டு, "சோறு போட்டால் போதும், உழைக்கிறேன்" என்று ஒருவன் அனுபவத்துக்காக வந்து நிற்பது எவ்வளவு பெரிய கூத்து என்பது எனக்கு உறைக்கச் சில நாளாயிற்று.

அதை உறைக்க வைத்தவர் களையெடுக்க வந்த ஓர் அக்கா. ஆயா சொன்ன படியாள் கதை ஊர் முழுக்கச் சிரிப்பாய்ப் பரவியிருந்தது. வரப்பில் உட்கார்ந்து கூழ் குடிக்கும்போது அவர் சொன்னார்: "எங்க தாத்தா அப்பிடித்தான் இருந்தாரு தம்பி, ஒரு வீட்ல படியாளா." நான் குரலைத் தாழ்த்தி, ரொம்பக் கஷ்டம் என்றேன். "கஷ்டம்தான். ஆனா அவரு வேல செய்வாரு" என்றார்.

இதை அவர் சொன்னதற்குக் காரணம் அன்று காலை நடந்தது.

மல்லாட்டைக்கு முதல் களை எடுக்கும் பருவம். பெண்கள் ஆளுக்கொரு களைக்கொட்டோடு வரிசையாகக் குந்தி நகர்ந்துகொண்டிருந்தார்கள். கடைசி வரிசை எனக்கு. குந்தி உட்கார்ந்து நகர்வது என்ற கலையே எனக்கு மறந்து பல வருஷமாகிவிட்டது. அதனால் மண்டி போட்டேன். கோரையை அடையாளம் தெரிந்தது, அருகு தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் செழிப்பாக, பளிச்சென்ற பச்சையில், வட்ட இலையோடு இரண்டு விதச் செடி நின்றது. ஒன்று பயிர், இன்னொன்று களை என்பது புரிந்தது. எது எது என்று கேட்டிருக்கலாம். முப்பது வருஷமாக ரகர றகரப் பிழை பிடித்த கண் எனக்கு. கேட்கவில்லை.

ஊசித்தகரை என்று ஒன்று இருக்கிறது. இலையின் வடிவம், நிறம், கிளைக்கும் விதம், பூவின் மஞ்சள் எல்லாம் மல்லாட்டையை ஒத்திருக்கும். சாயங்காலமானால் மல்லாட்டை இலையை மூடிக்கொள்ளும், தகரையும் மூடிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் ஒன்றுதான்: மல்லாட்டைக்கு ஒரு காம்பில் நாலு இலை, தகரைக்கு ஆறு. கசக்கி மோந்தால் தகரையில் ஒரு கெட்ட வாடை வரும். எண்ணவுமில்லை, மோக்கவுமில்லை. எது எண்ணிக்கையில் குறைவாக இருக்கிறதோ அதுதான் களையாக இருக்கும் என்று ஒரு தருக்கம் வைத்துக்கொண்டேன். புயல் தண்ணீரில் எங்கிருந்தோ விதை அடித்து வந்து, என் வரிசையின் அந்த முனையில் தகரைதான் அதிகம். ஆக, மல்லாட்டையைப் பிடுங்கினேன். ஒன்றொன்றாக, வேர் அறாமல், நேர்த்தியாக. ஒரு செடியைத் தூக்கிப் பார்த்தபோது வேரெல்லாம் கடுகு அளவுக்கு இளஞ்சிவப்பு முடிச்சுகள். காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்க்கும் முடிச்சுகள் அவை. அப்போது எனக்குத் தோன்றியது, எவ்வளவு ஆரோக்கியமான களை என்பதுதான்.

அந்த அக்கா தன் வரிசையை முடித்துவிட்டு, கை கொடுப்பதற்காக என் பக்கம் வந்தார். நின்றார். வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். பிறகு மற்றவர்களைக் கூப்பிட்டார். எல்லாரும் வந்து பார்த்தார்கள். திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வெளிவரும் ரகங்களுக்கு ஊர்ப் பெயரைச் சுருக்கி டி.எம்.வி. என்றே பெயர் வைப்பார்கள். குடியாத்தம் கொத்து ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்து 1940-இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 தமிழ்நாட்டைத் தாண்டியும் ஓடிய ரகம். கூப்பிடு தூரத்தில் இத்தனை பரம்பரை இருக்கும் மண்ணில், மல்லாட்டையைப் பிடுங்கிப் போட்டுத் தகரைக்குப் பாத்தி ஒதுக்கியவன் நான் ஒருவனாகத்தான் இருக்கும்.

சாயங்காலம் ஆயா தகரைக் கொழுந்தைக் கிள்ளி வந்து கீரை வதக்கினார். கீரை நன்றாகவே இருந்தது. "இந்த வருசம் தகரையிலயே எண்ண ஆட்டிக்கலாம்டா" என்று மகனிடம் சொல்லிக்கொண்டே எனக்கு இன்னொரு கரண்டி வைத்தார்.

அத்தோடு பயிரை விட்டு என்னை மாற்றிவிட்டார்கள். மாட்டுக் கொட்டகை கிடைத்தது. அண்ணன் ஜீவாமிர்தம் போடுகிறவர். 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர், 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், வெல்லமும் பயறு மாவும் இரண்டிரண்டு கிலோ, ஒரு கைப்பிடி வரப்பு மண். இதில் சாணம் பிரச்சினையில்லை, அது கீழேயே கிடக்கும். கோமியத்தைக் கேட்டு வாங்க வேண்டும். விடியற்காலையில் மாடு எழுந்ததும் பெய்யும் என்று சொல்லியிருந்தார்கள். வாளியோடு பின்னால் போய் நின்றேன். மாடு திரும்பிப் பார்த்தது. நானும் பார்த்தேன். பால்காரர் வந்து போகும் வரை இரண்டு பேரும் அப்படியே நின்றோம். காப்பி குடிக்க நான் உள்ளே போன நிமிஷத்தில் அது தன் காரியத்தை முடித்துக்கொண்டது. மறுநாள் ஆயா வந்து வால் அடியில் லேசாகத் தடவிக் கொடுத்தார், வாளி நிறைந்தது. மாட்டிடமும் கேட்கும் விதமாகக் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

ராத்திரியில் படிக்க ஃபுகோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி'யை எடுத்துப் போயிருந்தேன். உழ வேண்டாம், உரம் வேண்டாம், களை பிடுங்க வேண்டாம் என்று ஜப்பானியக் கிழவர் சொல்லும் அந்தப் புத்தகத்தைச் சென்னையில் படித்தபோது தத்துவமாகத் தெரிந்தது. அங்கே படித்தபோது எனக்காக எழுதிய சிபாரிசுக் கடிதமாகத் தெரிந்தது. அண்ணியிடம் ஒருநாள் அதை விளக்கினேன். "ஒண்ணுமே செய்யாம வெளைய வைக்கறதாம் அண்ணி." அண்ணி சுண்டல் ஊறப்போட்டுக்கொண்டே, "நீங்க பாதி கத்துக்கிட்டீங்க" என்றார்.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. தண்ணீர் விஷயம் அப்படியல்ல.

அண்ணனுக்குக் காய்ச்சல். அந்த வாரம் மும்முனைக் கரண்டு வந்தது விடியற்காலை. கரண்டு வரும்போது மோட்டாரைப் போட்டு, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கட்ட வேண்டும். ஒரு பாத்தி நிறைந்ததும் அந்த மடையை அடைத்து அடுத்த மடையைத் திறக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. "நான் பாத்துக்கறேன், நீங்க படுங்க" என்றேன். இதில் என்ன தெரியாமல் போகிறது, அடைப்பதும் திறப்பதும்தானே. எட்டு வயதுப் பையன்கள் செய்கிறார்கள்.

எட்டு வயதுப் பையனுக்குத் தெரிந்தது இது: மடையை அடைக்க ஈர மண்ணைப் புல்லோடு சேர்த்து வெட்டி எடுத்து, வைத்து, காலால் மிதிக்க வேண்டும். புல் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். நான் வரப்பு மேலிருந்து பொடி மண்ணை அள்ளிப் போட்டேன். பார்க்க அழகாக நின்றது. அடுத்த பாத்தி வாயில் போய் நின்று, போன் வெளிச்சத்தில் பார்த்தேன், தண்ணீர் வரவில்லை. கரண்டு குறைவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். குளிர், பனி, தூரத்தில் நெடுஞ்சாலை லாரிகளின் ஓசை, ரம்மியமான நேரம். போன் ஏற்கனவே கையில்தான் இருந்தது. அதில் என்ன பார்த்தேன் என்பதைக்கூட ஒப்புக்கொள்கிறேன்: இயற்கை விவசாயத்துக்குத் திரும்பிய ஒரு மென்பொறியாளரின் வெற்றிக் கதை.

வெளுத்த பிறகு பார்த்தால், அடைத்த மடை கரைந்து, தண்ணீர் நிறைந்த பாத்திக்கே திரும்பப் போய், வரப்பிலிருந்த நண்டு வளையைக் கண்டுபிடித்து, வளையை வாய்க்காலாக்கி, பக்கத்து நிலத்துக்குள் இறங்கியிருந்தது. புயலுக்குத் தப்பி நின்ற சம்பா அதில் இருந்தது. கதிர் முற்றி, தண்ணீர் வடித்துக் காயப்போட்டு, மறுநாள் அறுப்பு மிஷின் வருவதாக இருந்தது. ஒரு மழைக்காலப் புயல் செய்யாததை ஒரு மடையில் நான் செய்து முடித்தேன்.

அறுப்பு மிஷினில் டயர் வண்டி, பெல்ட் வண்டி என்று இரண்டு வகை உண்டு என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். காய்ந்த நிலத்தில் டயர் வண்டி ஓடும். சேற்றில் டயர் இறங்கிவிடும். அங்கே பெல்ட் வண்டிதான், அதற்கு மணிக்கு வாடகை அதிகம். பக்கத்து நிலத்துக்காரர் சத்தம் போடவில்லை. வரப்பில் நின்று, கணுக்கால் வரை புதையும் தன் வயலைப் பார்த்துவிட்டு, "யார் கட்டனது தண்ணி?" என்று மட்டும் கேட்டார். அண்ணன் காய்ச்சலோடு எழுந்து வந்து, "நான்தான் மாமா" என்றார். பெல்ட் வண்டிக்கான கூடுதல் வாடகையை அண்ணன் கொடுத்தார் என்பது எனக்குப் பிறகு அண்ணி மூலம் தெரிந்தது. நான் கொடுக்கிறேன் என்றதற்கு, "விருந்தாளிகிட்ட யாராவது காசு வாங்குவாங்களா?" என்றார் அண்ணன். வேலையாளாகப் போனவன் எப்போது விருந்தாளி ஆனேன் என்று கேட்கவில்லை. பதில் வரப்புக்கு அந்தப் பக்கம் சேறாக நின்றது.

பதநீர்க் கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மாசி பிறந்ததும் நரசிங்கனூர்ப் பக்கம் பதநீர் இறங்க ஆரம்பித்தது. பனைக்குப் பேர்போன ஊர் அது. விடியற்காலையில் பனையிலிருந்து இறக்கியதை அப்படியே வாங்கிவா, ஆயாவுக்கு ஆசை என்று கேனைக் கொடுத்து அனுப்பினார்கள். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால்தான் அது பதநீர். சுண்ணாம்பு இல்லாவிட்டால் கள். சுண்ணாம்பு இருந்தாலும் அது நாள் முழுக்க நமக்காகக் காத்திருக்காது, வெயில் ஏற ஏறப் புளிக்கும். மரமேறுகிறவரோடு பேச்சுக் கொடுத்து, டீக்கடையில் பேப்பர் படித்து, கேனை சைக்கிளில் மாட்டிக்கொண்டு உச்சி வெயிலில் வந்து சேர்ந்தேன். ஆயா மூடியைத் திறந்து மோந்தார். தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. "இத எடுத்துனு நேரா போலீசு ஸ்டேசனுக்குப் போ. நீயே கேஸ எழுதிக் குடு. அதாவது உனுக்கு வரும்" என்றார்.

எழுத்து வேலை எனக்கு வரும் என்பதில் ஆயாவுக்கு இருந்த அந்த நம்பிக்கையையும் பிறகு காப்பாற்ற முடியவில்லை.

புயலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிந்த நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்திருந்தது. கணக்கெடுப்பில் அண்ணனுடைய ஒன்றரை ஏக்கர் விட்டுப்போயிருந்தது. மனு எழுத வேண்டும். அண்ணன் தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார். எனக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. போன நாளிலிருந்து அந்த வீட்டில் எனக்குத் தெரிந்த வேலையை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று இலக்கணம் பிசகாமல் எழுதினேன். 'மேற்காணும்', 'தயைகூர்ந்து' எல்லாம் வைத்து, சந்திப்பிழை ஒன்றுகூட இல்லாமல் திருத்தி, நகல் எடுத்து, ஒரு முறை சத்தமாக வாசித்தும் காட்டினேன். அண்ணி கண் கலங்கினார் என்றே நினைக்கிறேன். அடுப்புப் புகையாகவும் இருக்கலாம்.

மனுவில் புல எண் சரி. உட்பிரிவில் 2பி என்று வர வேண்டிய இடத்தில் 2ஏ என்று எழுதியிருந்தேன். 2ஏ பக்கத்து நிலம். பெல்ட் வண்டி மாமாவுடையது. கிராம நிர்வாக அலுவலகத்தில் சிட்டாவோடு ஒத்துப் பார்த்தவர் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்து, திருத்தி எழுதித் தரச் சொல்லிவிட்டார். செய்தி எங்களுக்கு முன்னால் ஊருக்குள் போய்விட்டது. சாயங்காலம் மாமா வரப்பில் நின்று, "ஏம்ப்பா, தண்ணியும் நீயே விட்டு நிவாரணமும் நீயே வாங்கிக் குடுக்கறியா?" என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சேற்றுக்குப் பிறகு அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு அது. திருத்திய மனுவை அண்ணன் தன் கையால் எழுதினார். அதில் இரண்டு சந்திப்பிழை இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

சென்னைக்கு வந்த பிறகு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2024–25-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி நாளுக்கு 319 ரூபாய். என் அரை நாள் உழைப்புக்கு அதில் பாதி வைத்துக்கொள்ளலாம் என்று தொடங்கினேன். களையெடுத்த அக்காமாரின் வேகத்தோடு ஒப்பிட்டால் கால்வாசிகூடத் தேறாது என்று அங்கேயே குறைத்தேன். அதில் மூன்று வேளைச் சாப்பாட்டைக் கழித்தேன். பிடுங்கிய மல்லாட்டைச் செடிகளைக் கழித்தேன். நான் பாழாக்கிய வரிசையை மறுபடி சரிபார்க்க அந்த அக்காவுக்கு ஆன நேரம், பெல்ட் வண்டிக்கும் டயர் வண்டிக்குமான வித்தியாசம், புளித்த பதநீர், மனுவுக்கு இரண்டாம் தடவை போன பஸ் செலவு. அறை வாடகைக்கு வருவதற்குள்ளேயே நான் கடன்காரன் ஆகியிருந்தேன். ஆயா முதல் நாளே கேட்டது வேறு விதமாகப் பலித்துவிட்டது: கடனுக்காக வேலைக்குப் போகும் ஆளை அவர் பார்த்திருக்கிறார், வேலைக்குப் போய்க் கடன் ஏற்றிக்கொண்ட ஆளை என்னிடம்தான் பார்த்தார்.

சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறோம் என்பதில் ஒரு கர்வம் இருக்கிறது. காசு வாங்காததால் நாம் ஏதோ கொடுக்கிறோம் என்று தோன்றிவிடுகிறது. கூலி வாங்குகிறவர் வேலையைக் கெடுத்தால் மறுநாள் கூப்பிட மாட்டார்கள். கூலி வாங்காதவரை எப்படி வேண்டாம் என்பது? ஆறு மணிக்கு டீ போட்டுக் கொடுத்து, எதைக் கொடுத்தால் குறைவாகக் கெடுப்பான் என்று யோசித்து, கெடுத்ததை அவன் கண்ணில் படாமல் சரிசெய்து, ராத்திரி அவன் கையில் கொப்புளத்துக்கு விளக்கெண்ணெய் தடவ வேண்டும். அண்ணி செய்த வேலையில் பாதி நானே உண்டாக்கிய வேலை. ஆரோவில்லில் பல பண்ணைகளில் வேலை செய்ய வருகிறவர்களிடம் சாப்பாட்டுக்குப் பணமும் வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, உழைக்கவும் செய்து காசும் கொடுப்பதா என்று நியாயம் பேசியவன் நான். இப்போது, அவர்கள் வாங்குவது குறைவு என்று தோன்றுகிறது.

அதற்காகப் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். நான் மறுபடியும் போவேன், ஆயா கூப்பிட்டிருக்கிறார். போவதாக இருந்தால் பங்குனியில் போங்கள். மல்லாட்டை பிடுங்கும் காலம் அது. செடியைப் பிடுங்கிக் குவித்து, மர நிழலில் உட்கார்ந்து காயை ஆய வேண்டும். எவ்வளவு ஆய்ந்தோமோ அந்த அளவுக்குத்தான் கூலி, அதனால் மெதுவான கையால் யாருக்கும் நஷ்டமில்லை. பிடுங்கி முடிந்த செடியில் நீங்கள் கெடுப்பதற்கு அதிகமாக ஒன்றும் மிச்சமிருக்காது. சாப்பாட்டுக்குப் பணம் நீட்டினால் வாங்க மாட்டார்கள். வாரச் சந்தைக்குக் கூடப் போய் மளிகையை வாங்கிப் போட்டுவிடுங்கள். தகரைக்கு ஆறு இலை, மல்லாட்டைக்கு நாலு. யாராவது காய்ச்சலில் படுத்துக்கொண்டு, கொஞ்சம் மடையைப் பார்த்துக்கொள் என்று கேட்டால், எவ்வளவு பிரியமானவராக இருந்தாலும், தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.